கன உலோக நஞ்சுக்கு மெலடோனின் மருந்தாகுமா?

ஜப்பானின் தொயாமா மாவட்டத்தில் ஜின்சூ ஆறு கடலில் கலப்பதற்கு முன் பரந்த நெல்வயல்களுக்குப் பாய்கிறது. சென்ற நூற்றாண்டில் அந்த வயற்காட்டு ஊர்களில், பல பிள்ளைகளைப் பெற்று மாதவிடாய் நின்ற வயதிலிருந்த பெண்கள் இடுப்பிலும் முதுகிலும் தாங்கமுடியாத வலியால் துடித்தார்கள். எலும்புகள் வலுவிழந்து உடல் குறுகியது. சிலருக்கு இருமினாலே விலா எலும்பு முறிந்தது. வலியில் அவர்கள் போட்ட 'இடாய், இடாய்' என்ற கூக்குரலே நோயின் பெயராக நிலைத்தது. ஆற்றின் மேற்பகுதியிலிருந்த கமியோகா சுரங்கத்தில் துத்தநாகமும் ஈயமும் பிரித்தெடுத்தபின் விடப்பட்ட கழிவே இதற்குக் காரணம் என்று அப்பகுதி மருத்துவர் நொபோரு ஹகினோ தொடர்ந்து வாதாடினார். 1968-ல் ஜப்பான் அரசு அதை ஏற்றது. தொழிற்சாலை மாசினால் வந்த நோய் என்று அந்த அரசு முதன்முதலாக அறிவித்தது இதைத்தான். ஆற்றுநீர் வழியாக வயலுக்கும், நெல் வழியாகச் சோற்றுக்கும் வந்து சேர்ந்த நஞ்சு காட்மியம்.

கன உலோக நஞ்சு ஏதோ பழைய கதை என்று நினைக்க வழியில்லை. உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு, அதாவது சுமார் 80 கோடிப் பேருக்கு, இரத்தத்தில் ஈயத்தின் அளவு ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருப்பதாக யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. அவர்களில் சுமார் 27.5 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். வங்காளத்தில் குழாய்க் கிணற்று நீரில் ஆர்செனிக் வருகிறது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்திருக்கிறது. கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட வெப்பமானி ஆலை பாதரசத்தை மண்ணில் விட்டுச் சென்றது.

இந்த உலோகங்கள் உடலுக்குள் போனபின் அவற்றின் தீங்கைக் குறைக்க ஏதாவது வழி உண்டா என்று தேடிய ஆய்வாளர்களுக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு மூலக்கூறு கிடைத்தது. நம் உடலே இரவுதோறும் சுரந்துகொள்ளும் தூக்க ஹார்மோன் மெலடோனின்தான் அது. கடந்த முப்பது ஆண்டுகளில் இதைப் பற்றி நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்துவிட்டன. அவை சொல்வது என்ன, எதுவரை நம்பலாம் என்பதைப் பொறுமையாகப் பார்ப்பது அவசியம். நஞ்சுநீக்கி என்ற பெயரில் எதையும் விற்றுவிடக்கூடிய காலத்தில் நாம் வாழ்கிறோம்.

உலோகம் உள்ளே போய் என்ன செய்கிறது?

கன உலோகங்களின் முதல் தந்திரம் ஆள்மாறாட்டம். உடலுக்குத் தேவையான தாதுக்களின் சாயலில் அவை உள்ளே நுழைகின்றன. ஈயம் கால்சியத்தின் பாதையில் போய் எலும்பில் குடியேறுகிறது. காட்மியம் இரும்பும் துத்தநாகமும் போகும் வாயில்களைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆர்செனேட் பாஸ்பேட் போலவும், குரோமேட் சல்பேட் போலவும் நடிக்கின்றன. மெத்தில் பாதரசம் சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு, மெத்தியோனின் என்ற மற்றோர் அமினோ அமிலத்தின் தோற்றத்தில் மூளையின் தடுப்பரணையே கடந்துவிடுகிறது.

இரண்டாவது, கந்தகத்தின் மேல் அவற்றுக்கு இருக்கும் பெரும் ஈர்ப்பு. நம் புரதங்கள் பலவற்றில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தயோல் முனைகள் உள்ளன. நொதிகள் வேலை செய்ய இவை இன்றியமையாதவை. ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக் ஆகிய நான்குமே இந்த முனைகளில் இறுகப் பற்றிக்கொள்கின்றன. இரத்தச் சிவப்பணுவில் ஹீம் தயாரிக்க உதவும் ஒரு நொதியில் துத்தநாகம் இருக்கவேண்டிய இடத்தில் ஈயம் உட்கார்ந்துவிடுகிறது. நொதி முடங்குகிறது. இரத்தசோகை வருகிறது. அந்த நொதி மாற்றவேண்டிய மூலப்பொருள் தேங்கி நின்று தானே ஒரு நஞ்சாகிறது.

மூன்றாவது தீங்குதான் நம் கட்டுரைக்கு முக்கியம். செல்களில் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும்போது ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகள் ஓயாமல் தோன்றுகின்றன. ஓர் எலக்ட்ரான் குறைவாக நிற்கும் இவை, அருகிலிருக்கும் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எதிலிருந்தும் அதைப் பறித்துக்கொள்ளும். குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறும் சில நொதிகளும் அவற்றை உடனுக்குடன் அடக்கிவைக்கின்றன. குளூட்டாதயோனின் உயிர்நிலையும் ஒரு தயோல் முனைதான். உலோகம் அதையும் பிடித்துக்கொள்வதால் காவல் குறைகிறது. மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் செல்லும் பாதையை உலோகம் குலைப்பதால் ராடிக்கல்கள் பெருகுகின்றன. இரும்பு, தாமிரம், குரோமியம் போன்றவை ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்து, ராடிக்கல்களிலேயே மிகக் கொடிய ஹைட்ராக்சில் ராடிக்கலை நேரடியாக உண்டாக்குகின்றன. ஹென்றி ஃபென்டன் 1894-ல் விவரித்த வினை இது. வரவு கூடிச் செலவு குறையும் இந்த நிலைக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர்.

ஜின்சூ பெண்களின் உடலில் இவையெல்லாம் பல ஆண்டுகள் மெல்ல மெல்ல நடந்தன. காட்மியம் கல்லீரலில் மெட்டலோதயோனீன் என்ற புரதத்தோடு சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. அங்கே அதன் பாதி அளவு வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். சிறுநீரக நுண்குழல்கள் பழுதாகி, பாஸ்பேட்டும் கால்சியமும் சிறுநீரோடு வீணாகின்றன. வைட்டமின் டி-யைச் செயலூக்கமுள்ள வடிவுக்கு மாற்றும் வேலையும் அதே நுண்குழல்களில்தான் நடக்கிறது. அதுவும் குறைந்ததும் எலும்பு மென்மையாகி முறிகிறது.

இருட்டில் சுரக்கும் மூலக்கூறு

மெலடோனின் கண்டுபிடிக்கப்பட்டபோது தூக்கத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. மாட்டின் பினியல் சுரப்பிச் சாற்றைக் கொடுத்தால் தலைப்பிரட்டையின் தோல் வெளிறுகிறது என்று 1917-லேயே மெக்கார்டும் ஆலனும் எழுதியிருந்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஏரன் லெர்னர், வெண்புள்ளி போன்ற நிறமி நோய்களுக்குத் துப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அந்தச் சாற்றில் இருப்பது எது என்று தேடினார். ஆயிரக்கணக்கான மாடுகளின் பினியல் சுரப்பிகளைச் சேகரித்து, 1958-ல் அவரது குழு அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து மெலடோனின் என்று பெயரிட்டது.

மூளையின் நடுவே பட்டாணியைவிடச் சிறியதாக இருக்கும் பினியல் சுரப்பி, உணவிலிருந்து கிடைக்கும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தை முதலில் செரடோனினாகவும் பிறகு மெலடோனினாகவும் மாற்றுகிறது. கண்ணில் வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்வரை இந்த வேலை அடங்கிக் கிடக்கும். இருட்டியதும் தொடங்கி நள்ளிரவுக்குப் பின் உச்சத்துக்குப் போய் விடியலில் தணியும். இரவில் நடமாடும் எலிக்கும் பகலில் நடமாடும் மனிதனுக்கும் மெலடோனின் இரவில்தான் சுரக்கிறது. ஆகவே இதைத் தூக்க மருந்து என்பதைவிட இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கும் சமிக்ஞை என்பதே பொருத்தம்.

இதன் மறுபக்கம் 1993-ல் வெளிப்பட்டது. டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் ரஸ்ஸல் ரெய்ட்டரின் ஆய்வகத்தில் பணியாற்றிய துன்-ஷியான் டான் குழுவினர், மெலடோனின் ஹைட்ராக்சில் ராடிக்கலைச் சோதனைக் குழாயில் வலுவாக அடக்குவதைக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1991-ல், பினியல் சுரப்பியே இல்லாத ஒரு செல் கடல் உயிரியில் மெலடோனின் கண்டறியப்பட்டிருந்தது. 1995-ல் தாவரங்களிலும் இருப்பது தெரிந்தது. தூங்கவே தூங்காத உயிர்களுக்கு இது எதற்கு? ஆக்சிஜனின் தீங்கிலிருந்து செல்லைக் காப்பதே இதன் ஆதி வேலையாக இருந்திருக்கும், இரவை அறிவிக்கும் பொறுப்பு பிற்பாடு வந்து சேர்ந்திருக்கும் என்று ரெய்ட்டரும் அவரது சகாக்களும் வாதிடுகிறார்கள்.

காக்கும் வழிகள்

உலோக நஞ்சுக்கு எதிராக மெலடோனின் செயல்படும் வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை.

முதல் வழி, ராடிக்கல்களுக்குத் தன் எலக்ட்ரானைக் கொடுத்து அவற்றை அமைதிப்படுத்துவது. இதில் மெலடோனினுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ராடிக்கலோடு வினைபுரிந்தபின் அதிலிருந்து உண்டாகும் ஏ.எஃப்.எம்.கே., ஏ.எம்.கே. போன்ற பொருள்களும் ராடிக்கல்களை அடக்க வல்லவை. ஒரு மூலக்கூறு போனால் அதன் வாரிசுகள் வேலையைத் தொடர்கின்றன. கொழுப்பிலும் நீரிலும் கலந்து போகக்கூடிய சிறு மூலக்கூறு என்பதால், செல் சவ்வையும் மூளையின் தடுப்பரணையும் நஞ்சுக்கொடியையும் இது கடந்து செல்கிறது.

இரண்டாவது வழி, உடலின் சொந்தக் காவலைத் தட்டி எழுப்புவது. செல்லில் என்.ஆர்.எஃப்.2 என்ற புரதம் இருக்கிறது. ஆபத்துக் காலத்தில் அது செல் உட்கருவுக்குள் போய், குளூட்டாதயோன் தயாரிக்கும் நொதிகள் உள்ளிட்ட பல காவல் நொதிகளின் மரபணுக்களை முடுக்கிவிடும். மெலடோனின் இந்தப் புரதத்தைத் தூண்டுவதாகப் பல விலங்குச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

மூன்றாவது வழி மைட்டோகாண்ட்ரியாவைக் காப்பது. சீன ஆய்வாளர்கள் 2015-ல் ஆட்டோஃபேஜி இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். மனிதக் கல்லீரல் புற்றிலிருந்து வளர்க்கப்பட்ட செல்களில் காட்மியத்தைச் சேர்த்தபோது, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிர்ட்3 என்ற நொதியின் செயல் மங்கியது. சிர்ட்3 மங்கியதும், ராடிக்கல்களை அடக்கும் எஸ்.ஓ.டி.2 என்ற நொதியும் முடங்கியது. மெலடோனின் கொடுத்தபோது சிர்ட்3 மீண்டது, அதன் பின்னால் எஸ்.ஓ.டி.2-வும் மீண்டது. மெலடோனின் எந்தக் கண்ணியில் கைவைக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டியதால் இந்த ஆய்வு முக்கியமானது.

நான்காவது வழி உலோகத்தையே பிடித்து நிறுத்துவது. தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் லிம்சன், டெபெல்லோ ந்யோகாங், சாண்டி தயா மூவரும் 1998-ல் மின்வேதியியல் முறையில் சோதித்து, மெலடோனின் அலுமினியம், காட்மியம், தாமிரம், இரும்பு, ஈயம், துத்தநாகம் ஆகியவற்றோடு இணையக்கூடியது என்று காட்டினார்கள். மெக்சிகோவின் அன்னியா கலானோ கணினிக் கணக்கீடுகள் வழியாக, மெலடோனினும் அதன் வாரிசுப் பொருள்களும் தாமிரத்தைப் பற்றிக்கொண்டு ஃபென்டன் வினையைத் தடுக்கக்கூடும் என்று கண்டார்.

சோதனைகள் சொல்வது

இவ்வழிகளெல்லாம் உயிருள்ள உடலில் பலிக்கின்றனவா என்று பார்க்க எலிகளில் ஏராளமான சோதனைகள் நடந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றுதான். ஒரு குழு எலிகளுக்கு எதுவும் தருவதில்லை. இரண்டாம் குழுவுக்கு உலோகம் மட்டும். மூன்றாம் குழுவுக்கு உலோகமும் மெலடோனினும். நான்காம் குழுவுக்கு மெலடோனின் மட்டும். சில வாரங்கள் கழித்துக் கல்லீரல், சிறுநீரகம், மூளை, விந்தகம் ஆகியவற்றை எடுத்துப் பார்ப்பார்கள். காட்மியம், ஈயம், பாதரசம், ஆர்செனிக் எதுவானாலும் முடிவு பெரும்பாலும் ஒரே திசையில் வந்திருக்கிறது. மெலடோனின் பெற்ற எலிகளில் கொழுப்புச் சிதைவின் அடையாளமான மாலோன்டையால்டிஹைடு குறைந்திருக்கிறது. குளூட்டாதயோன் கூடியிருக்கிறது. திசுக்களின் பழுது குறைந்திருக்கிறது.

வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு ஆய்வகங்களில், வெவ்வேறு உலோகங்களோடு ஒரே மாதிரியான முடிவு திரும்பத் திரும்ப வருவதை அலட்சியப்படுத்த முடியாது. எலிகளிலாவது மெலடோனினுக்குக் காக்கும் ஆற்றல் உண்டு என்பதை இந்தச் சான்றுகள் நிறுவுகின்றன.

தாவரங்களில் கிடைத்த முடிவு இன்னும் சுவையானது. சீனாவின் செஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் காட்மியம் கலந்த சூழலில் தக்காளிச் செடிகளை வளர்த்து மெலடோனின் கொடுத்தார்கள். செடிகள் நன்றாகத் தாக்குப்பிடித்தன. வேரில் காட்மியத்தின் அளவு மாறவில்லை. இலைக்கு ஏறும் அளவு குறைந்தது. செடி தன் செல்களில் பைட்டோகிலேட்டின் என்ற கந்தகம் மிகுந்த பொருளை அதிகம் தயாரித்து, காட்மியத்தைச் செல் சுவரிலும் நுண்குமிழ்ப் பைகளிலும் அடைத்துவைத்தது. மாசுபட்ட நிலத்தில் விளையும் பயிரின் உண்ணும் பகுதிக்கு நஞ்சு ஏறாமல் தடுக்க இப்படி ஒரு வழி கிடைத்தால் அது பெரிய கொடையாகும். ஜின்சூ வயல்களின் கதையை அறிந்தவர்களுக்கு இந்த ஆராய்ச்சியின் மதிப்பு விளங்கும்.

எலியிலிருந்து மனிதனுக்கு

இவ்வளவையும் படித்த ஒருவர் மருந்துக்கடைக்குப் போய் மெலடோனின் வாங்கிவிடலாமா என்று கேட்டால், கூடாது என்பதே என் பதில். அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, அளவு. எலிகளுக்கு வழக்கமாகத் தரப்படும் அளவு ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம். எலியின் வளர்சிதை மாற்றம் நம்முடையதைவிட வேகமானது என்பதைக் கணக்கில் கொண்டு, உடற்பரப்பின் அடிப்படையில் மாற்றினாலும், 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு அது சுமார் 100 மில்லிகிராம் ஆகும். தூக்கத்துக்காகத் தருவது வழக்கமாக அரை முதல் 5 மில்லிகிராம். எலியில் கண்ட காப்பை அந்தச் சிறு மாத்திரையிடம் எதிர்பார்ப்பதற்கு அடிப்படை இல்லை.

இரண்டாவது, உடலில் இயல்பாக இருக்கும் செறிவு. நள்ளிரவு உச்சத்திலும் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் இருக்கும் மெலடோனின் சுமார் 60 முதல் 70 பிக்கோகிராம்தான். செல்லுக்குள் இருக்கும் குளூட்டாதயோனின் செறிவோ இதைவிடப் பல லட்சம் மடங்கு அதிகம். ஹைட்ராக்சில் ராடிக்கல் தோன்றியவுடன் பக்கத்தில் இருப்பதன் மேல் பாய்ந்துவிடும். அந்த நொடியில் பக்கத்தில் மெலடோனின் நிற்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே இயல்பான அளவில் அது ராடிக்கல்களோடு நேரே மோதிக் காப்பதைவிட, காவல் நொதிகளை எழுப்பிவிட்டுக் காப்பதே நடக்கக்கூடியது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மெலடோனின் செறிவு கூடுதலாக இருக்கலாம் என்போரும் உண்டு. ஆனாலும் சோதனைக் குழாயில் கண்டதை அப்படியே உடலுக்குப் பொருத்தக் கூடாது.

மூன்றாவது, காலம். பெரும்பாலான சோதனைகளில் உலோகத்துக்கு முன்போ அதோடு சேர்த்தோதான் மெலடோனின் தரப்பட்டது. வாழ்க்கையில் அப்படி நடப்பதில்லை. ஈயத் தூசியை மூச்சில் இழுப்பவருக்கு அது தெரியவே ஆண்டுகள் ஆகும். எலியின் சில வாரங்களை, மனித எலும்பில் ஈயம் தங்கியிருக்கும் பல பத்தாண்டுகளோடு ஒப்பிட முடியாது.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. மெலடோனின் உலோகத்தின் விளைவைத் தணிக்கிறது. உலோகத்தை உடலைவிட்டு வெளியேற்றும் மருந்தாக அது நிறுவப்படவில்லை. எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பார்கள். கொள்ளிக்கட்டை அடுப்பில் இருக்கும்போது மேலே பொங்குவதை ஊதி ஊதி அடக்கும் வேலையையே மெலடோனின் செய்கிறது.

உலோகத்தை வெளியேற்ற மருத்துவத்தில் கிலேஷன் என்ற சிகிச்சை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆர்செனிக் அடங்கிய நச்சுவாயுவுக்கு முறிமருந்தாக ஆக்ஸ்ஃபோர்டில் உருவான பி.ஏ.எல். மருந்தில் இது தொடங்கியது. ஈயத்துக்கு இன்று டி.எம்.எஸ்.ஏ. எனப்படும் சக்சிமர் தரப்படுகிறது. இதைப் பற்றி அமெரிக்காவின் நான்கு நகரங்களில் நடந்து 2001-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்த சோதனை நாம் ஒவ்வொருவரும் அறியவேண்டியது. இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 20 முதல் 44 மைக்ரோகிராம் ஈயம் இருந்த 780 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மருந்தும் மறு பகுதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களின் இரத்தத்தில் ஈயம் குறைந்தது. ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து அறிவுத்திறனைச் சோதித்தபோது இரு பகுதியினருக்கும் வேறுபாடு இல்லை. வளரும் மூளையில் ஏற்பட்ட இழப்பு, ஈயத்தை வெளியே எடுத்தபின்னும் திரும்பவில்லை. கடுமையான நச்சேற்றத்தில் கிலேஷன் உயிரைக் காப்பாற்றும். ஆனால் இந்த வகைக் குழந்தைகள் இழந்ததை அதனால் மீட்க முடியவில்லை. உலோகத்தையே பிடித்து இழுக்கும் மருந்தின் கதை இதுவென்றால், விளைவை மட்டும் தணிக்கும் மெலடோனினிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம்.

மாத்திரையின் தரமும் கேள்விக்குரியதுதான். கனடாவில் 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், அட்டையில் சொன்ன அளவைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு. எட்டுத் தயாரிப்புகளில் செரடோனின் கலந்திருந்தது. அமெரிக்காவில் குழந்தைகள் மெலடோனினை விழுங்கியதாக நச்சு உதவி மையங்களுக்கு வந்த அழைப்புகள் 2012-க்கும் 2021-க்கும் இடையே 530 சதவீதம் உயர்ந்தன. இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகளோடு மெலடோனின் குறுக்கிடவும் கூடும்.

கொள்ளியைப் பிடுங்கிய கதைகள்

எது பலித்தது என்று பார்த்தால், நஞ்சு வரும் வழியை அடைத்ததெல்லாம் பலித்திருக்கிறது.

ஜின்சூ கரையில் பாதிக்கப்பட்டவர்கள் 1968-ல் சுரங்க நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்து 1971-லும் மேல்முறையீட்டில் 1972-லும் வென்றார்கள். பிறகு 1979-ல் தொடங்கி 2012 வரை, 800 ஹெக்டேருக்கும் அதிகமான வயல்களின் மாசடைந்த மண் சீரமைக்கப்பட்டது. சுரங்கக் கழிவுநீர் கண்காணிக்கப்பட்டு ஆற்றில் காட்மியத்தின் அளவு குறைந்தது.

ஈயம் கலந்த பெட்ரோலை இந்தியா 2000-ல் நிறுத்தியது. கடைசியாக 2021-ல் அல்ஜீரியாவும் நிறுத்தியபோது, வாகனங்களுக்கான அந்த எரிபொருள் உலகத்திலிருந்தே ஒழிந்தது. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வங்கதேசத்தில் மஞ்சளுக்குப் பளபளப்பான நிறம் வரச் சிலர் லெட் குரோமேட்டைக் கலந்தார்கள். 2019-ல் ஆய்வாளர்கள் இதை வெளிக்கொண்டுவந்ததும் அரசு சந்தைகளில் சோதனை நடத்தித் தண்டித்தது, ஊடகங்கள் எச்சரித்தன. 2019-ல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021-ல் ஒன்றில்கூட இல்லை. மஞ்சள் ஆலைத் தொழிலாளர்களின் இரத்தத்திலும் ஈயம் குறைந்தது. இரண்டே ஆண்டுகளில், எந்த மாத்திரையும் இல்லாமல் நடந்த மாற்றம் இது.

நாம் செய்யவேண்டியது

ஜின்சூவில் நோய் பெண்களையே அதிகம் தாக்கியதற்குக் காரணமாக மருத்துவர்கள் பல பிரசவங்களையும் ஊட்டக்குறைவையும் காட்டுகிறார்கள். உடலில் இரும்புச்சத்து குறையும்போது, குடல் இரும்பை உறிஞ்சும் வாயில்களைப் பெருக்கிக்கொள்கிறது. அதே வாயில் வழியாகக் காட்மியமும் ஈயமும் கூடுதலாக உள்ளே வருகின்றன. இது நமக்கு நேரடியான எச்சரிக்கை. இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஒரு பெண்ணின் எலும்பில் சேர்ந்த ஈயம், கருவுற்ற காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது சேர்ந்து கரைந்து கருவை அடைகிறது. ஆகவே இரத்தசோகைக்கு மருத்துவம் பார்ப்பதும், இரும்பும் கால்சியமும் போதிய அளவு கிடைக்கும்படி உண்பதும் உலோக நஞ்சுக்கு எதிரான நல்ல காப்பு. புகைப்பவர்கள் நிறுத்துவது இன்னொன்று. புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை ஈர்த்து இலையில் சேர்த்துவைக்கிறது.

பழைய பேட்டரி உருக்குதல், உலோகப் பூச்சு, பெயின்ட் சுரண்டுதல் போன்ற வேலைகளில் இருப்பவர்கள் வேலைத் துணியோடு வீட்டுக்குள் வராமல், குளித்து உடைமாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். அத்தகைய பட்டறைகளுக்கு அருகே வசிக்கும் குழந்தைகளுக்கு இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று எதுவுமில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத மருந்துகளை வாங்கக் கூடாது. இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2008-ல் ஜாமா இதழில் வந்த ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. நஞ்சை நீக்கும் என்று நம்பி நஞ்சையே உண்ணும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

மெலடோனினைப் பொறுத்தவரை, உடல் தானாகச் சுரப்பதைக் கெடுக்காமல் இருப்பதே நம் கையில் உள்ளது. 116 பேரைக் கொண்டு நடந்து 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், படுக்கைக்கு முன் சாதாரண அறை வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு மங்கிய வெளிச்சத்தில் இருந்தவர்களைவிட மெலடோனின் சுரக்கும் காலம் சுமார் 90 நிமிடம் குறைந்தது. உறங்குமுன் விளக்குகளைத் தணிப்பதற்கும், கைபேசியைத் தள்ளிவைப்பதற்கும் செலவே இல்லை. அதனால் உலோகம் வெளியேறிவிடாது. உடலின் இரவுக் கடிகாரம் ஒழுங்காக ஓடும். இரவுப்பணியில் உருக்காலைகளிலும் பேட்டரி ஆலைகளிலும் நிற்பவர்களுக்கு வெளிச்சமும் உலோகமும் ஒருசேர வருகின்றன. அவர்களைக் கொண்டு முறையான மருத்துவச் சோதனைகளை நடத்துவது ஆய்வு நிறுவனங்களின் கடமை. எலிகளில் முப்பது ஆண்டுகள் சேர்த்த அறிவு பயன்படவேண்டிய இடம் அதுதான்.

மெலடோனின் ஆராய்ச்சி வளரட்டும். கிலேஷன் மருந்துக்குத் துணையாக அது ஒருநாள் இடம்பெறலாம், வயலில் பயிரைக் காக்கவும் உதவலாம். ஆனால் ஆற்றில் கழிவை விடும் குழாய்க்கு அது பதில் ஆகாது. உங்கள் ஊர்க் குடிநீரின் பரிசோதனை அறிக்கையை ஊராட்சியிடமோ நகராட்சியிடமோ கேட்டு வாங்கிப் படியுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உலோக நஞ்சுக்கு எதிராக இன்று நம்மிடம் உள்ள மிகச் சிறந்த மருந்து, அதை உடலுக்குள் வரவிடாமல் தடுப்பதே.